ஏத்தித்தான் எடுத்தேன்

காந்தப்புலம் ஆறு டெஸ்லாவைத் தாண்டிய பிறகுதான் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த கோடு முதல்முறையாக நெளிந்தது. அதுவும் நெளிவுதானா, கருவியின் இரைச்சலா என்று சொல்ல முடியாத அளவுக்கு, தூங்குகிறவளின் மூச்சில் போர்வை அசைவதைப்போல. இருபது கெல்வினில் இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் இந்த இடத்தில் எதிர்பார்க்கக் கூடாது என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்கு கெல்வினில் இதே படிகம் மூன்று டெஸ்லாவிலேயே ஆடத் தொடங்கிவிடும். புலம் ஏற ஏற மின்தடை நேராக ஏறாமல் அலையலையாக ஏறும். அலைகள் முதலில் நெருக்கியடித்துக்கொண்டும் போகப் போக அகன்றும் வரும். காந்தப்புலத்துக்குள் எலக்ட்ரான்கள் படிக்கட்டுப்போல் அமைந்த நிலைகளில் மட்டுமே நிற்க முடியும் என்பதால் வருகிற ஆட்டம் அது. சூடு ஏறினால் படிகளின் விளிம்பு மழுங்கும், ஆட்டம் சிறுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற முதல் வகுப்பில் மாணவிகளின் முகங்கள் அப்படித்தான் மழுங்கும், கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. அலை சிறுக்கும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அலை இடம் மாறும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இல்லை. மாறியது என்று எழுதியவள் அவள்.

அந்த ஒரு வாக்கியம்தான் கட்டுரை, மற்றதெல்லாம் அதைத் தாங்கும் கால்கள். சாதாரண உலோகத்தின் எலக்ட்ரான்கள் எடையோடு ஓடுகிறவை, சூடு அவற்றின் அலைகளை உயரத்தில் மட்டும் குறைக்கும். இடவியல் பொருள் என்று பெயர் பெற்ற சில படிகங்களில் எலக்ட்ரான்கள் எடையே அற்றவைபோல, ஒளியைப்போல ஓடும். அவற்றுக்குச் சூடு ஏறும்போது அலைகள் வருகிற இடமும் இம்மியளவு முன்னால், குறைந்த புலத்தை நோக்கி, நகர வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. எங்கள் படிகத்தில் நகர்ந்தது. ஆகவே இது அந்த வகை. இடவியல் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, "சர்வேயர் ஆபீஸ் வேலையா இது?" என்று கேட்டவர் அவள் கணவர் ராமசுப்பு, மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். "எங்க லைன்ல ரெசிஸ்டன்ஸ் இப்படி ஆடினா ஆளை அனுப்பிச் சரிபண்ணிட்டு மறு வேலை பாப்போம். நீங்க அதையே வச்சுப் பேப்பர் போடுதீங்க" என்று கோவில்பட்டி வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார், அவளும் சிரித்தாள். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் இருவரும் கட்டுரையை ஏற்றுக்கொண்டாயிற்று. அச்சுப்படி வந்து மேசைமேல் கிடக்கிறது, நாளைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். வெளியான கட்டுரை ஒன்றாவது கையில் இல்லாமல் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்காது. கல்லூரி கொடுத்த விடுப்பு இந்தக் கோடையோடு முடிகிறது, நீட்டிப்பு கிடையாது என்று செயலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் ஆய்வு மாணவியாக வந்தவளுக்கு இரண்டாவது கோடை என்று ஒன்று இல்லை. இதெல்லாம் இன்று காலைவரை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக நின்றது. காலை என்பதுகூடத் தவறு. மதியம் கேண்டீனில் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வாங்கும்வரை நின்றது.

ஊறுகாய்க்குப் பக்கத்தில் நின்றவர் சேவியர். திரவ ஹீலியம் தயாரிக்கும் கூடத்தைக் கவனிப்பவர், பெரிய ஃபிளாஸ்க் போன்ற கலங்களில் அதைத் தள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஊற்றிவிட்டுப் போவார். பேச்சுக்குத்தான் சொன்னார். "உங்க மொய்தீன் சார் இருந்தப்போ இருந்த கலகலப்பு இப்ப இல்ல மேடம். அன்னிக்கு ஒருநாள் பாருங்க, நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க, ஹீட்டரப் போட்டுப் போட்டு மூணு தடவ ஏத்திட்டாரு. காந்தம் பாட்டுக்கு உச்சியில நிக்குது. கரன்ட் போச்சுன்னா என் ஹீலியம் மொத்தமும் ஆகாசத்துக்குன்னு நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். அவரு என்னடான்னா, 'அண்ணே, மேடம் ஏத்திக்கிட்டே எடுக்கச் சொல்லியிருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்'ங்கறாரு." சொல்லிவிட்டு ஊறுகாயை இரண்டாக்கி வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அவள் தட்டோடு நின்றாள். ஹீட்டரைப் போட்டு ஏற்றினார். ஹீட்டரை. பின்னால் வரிசையில் நின்ற பையன், "மேடம், நகருங்க" என்றான், நகர்ந்தாள், உட்கார்ந்தாள், தயிர்சாதத்தை முழுதும் சாப்பிட்டாள், தட்டைக் கழுவும் இடத்தில் வைத்தாள், அதன் பிறகும் அந்தச் சொல் இருந்த இடத்திலேயே இருந்தது, செருப்புக்குள் போன பரல்போல.

எட்டு மாதம் முன்பு செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வேறொரு கல்லூரிக்குப் போயிருந்தாள். கூடத்துக்குள் மாணவிகள் பதிவெடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, மொய்தீனிடம் போனில் பேசினாள். மொய்தீன் அப்போது ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், மேலப்பாளையத்துக்காரர், வேலையில் கெட்டி. குளிர்ந்த வெப்பநிலைகள் எல்லாவற்றையும் அவளே எடுத்து முடித்திருந்தாள், காந்தப்புலத்தைச் சுழியிலிருந்து ஏற்றிக்கொண்டே. சூடான மூன்று மட்டும் பாக்கி. "மேல இருக்கற மூணையும் ஏத்திக்கிட்டே எடுத்துடுங்க மொய்தீன்" என்றாள். புலத்தை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருப்பதாகவே தோன்றவில்லை. தமிழில் அந்த இடத்தை வெறுமையாக விட்டாலும் வாக்கியம் குறைவின்றி நிற்கும். அடுப்பில் எதை ஏற்றுவது, மாடத்தில் எதை ஏற்றுவது, யாரும் கேட்பதில்லை, பாத்திரம் கையில் இருக்கிறது, விளக்கு கையில் இருக்கிறது. அவள் கையில் புலம் இருந்தது. அவர் கையில் ஹீட்டர் இருந்தது. பத்து, பதினைந்து, இருபது என்று சூட்டை ஏற்றிக்கொண்டே எடுக்கச் சொல்கிறார் மேடம் என்று அவர் கேட்டிருக்கிறார். நியாயமான அறிவுரை, சூடாக்கிவிட்டுத் திரும்பக் குளிர்விக்க ஹீலியம் செலவாகும். புலத்தைப் பற்றி மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய நாள் யாரோ காந்தத்தைப் பதினான்கில் நிறுத்தியிருந்தால் அங்கிருந்து இறக்கிக்கொண்டு எடுப்பதுதான் எளிது. வகுப்பில் யாராவது ஒரு பெண் எழுந்து "அதிகரிக்கும் மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனால், இருபத்திரண்டு வருடமாக அவள் விட்டதில்லை. "எது அதிகரிக்கும்? எழுவாயைச் சொல்லிட்டு உக்காரு." எழுவாய் மிஸ் என்றே அவளுக்குக் கல்லூரியில் பெயர் உண்டு. இயற்பியல் துறையில் இலக்கணப் பட்டம் பெற்ற ஒரே ஆள் என்று தமிழ்த்துறைக்காரி மீனலோசனி கேலி செய்வாள். வாசலில் நின்று பேசியபோது உள்ளே ஒரு மாணவி ஊசலை எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுகிற குரல் கேட்டது, அதற்குத் தொந்தரவாகக் கூடாது என்று வாக்கியத்தைச் சுருக்கினாள்.

ஏழு டெஸ்லா. கோடு இன்னொரு முறை நெளிந்தது, இப்போது நெளிவுதான். ஏற்றினால் என்ன, இறக்கினால் என்ன, அதே படிகம், அதே அலை. தமிழ்த்துறை மீனலோசனி கேட்டிருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பாள். கருவிக்குத் தாமதம் உண்டு என்பதுதான் பதில். இரைச்சலுக்குள் இருந்து இவ்வளவு சன்னமான அலையைப் பொறுக்கியெடுக்கக் கருவி சற்று நேரம் சராசரி பார்த்துவிட்டே எண்ணைச் சொல்லும். அது சொல்வதற்குள் புலம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஏறுகையில் எடுத்தால் உச்சி கொஞ்சம் தள்ளி விழும், இறங்குகையில் எடுத்தால் கொஞ்சம் முன்னாலேயே விழும். எல்லாவற்றையும் ஒரே திசையில் எடுத்தால் தாமதமும் ஒன்றேதான், கவலை இல்லை. குளிர்ந்ததை ஏற்றியும் சூடானதை இறக்கியும் எடுத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சூட்டில் அலை முன்னால் நகர்ந்தது என்று தெரியும். நகரவே நகராத அலை. எவ்வளவு நகர்ந்ததாகத் தெரியும் என்று கேண்டீனிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் வழியில் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தாள். விடை அச்சுப்படியில் இருக்கும் எண்ணுக்குக் கூச்சப்படும்படி பக்கத்தில் வந்தது. பக்கத்தில் வருவது எதையும் நிறுவுவதில்லை என்று உடனே சொல்லிக்கொண்டாள். கோப்புகளைத் திறந்து பார்க்கலாம் என்றால், ஆய்வகத்தின் பழைய நிரல் சேமிக்கும்போதே புலத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிடும். ஏறியதா இறங்கியதா என்ற தடமே இருக்காது. யாரோ ஒழுங்குக்காகச் செய்த வேலை. அவளுக்கும் அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

கேட்காமலும் இல்லை. அதுதான் இப்போது சுற்றிச் சுற்றி வருகிறது. ஊரிலிருந்து திரும்பிய அன்று, வரைபடத்தில் அந்த நகர்வை முதன்முதலில் பார்த்தபோது, நம்ப முடியாமல் மொய்தீனைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏத்தித்தானே எடுத்தீங்க?" அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஏத்தித்தான் எடுத்தேன் மேடம், நீங்க சொன்ன மாதிரியே." அவள் கேள்வி ஒன்று, அவர் விடை இன்னொன்று, இரண்டும் ஒரே சொல்லில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டு பிரிந்தன. யாரும் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வழிகாட்டி கோகுலகிருஷ்ணன் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார், மொய்தீன் மூன்று எடுத்துக்கொண்டு, "வெப்பநிலைக்கு ஒண்ணு" என்றார். இன்று மறுபடி கூப்பிட்டுக் கேட்கலாமா என்று படியேறும்போது நினைத்தாள். மொய்தீன் இப்போது ஹைதராபாத்தில் ஒரு தற்காலிக வேலையில் இருக்கிறார். நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார், அந்த விண்ணப்பத்திலும் இந்தக் கட்டுரை இரண்டாவது பெயராக அவரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு பிற்பகலில் ஒரு திருகை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று யாருக்கு நினைவிருக்கும். நினைவிருப்பதாக நினைத்தாலும் அது எதை விரும்புகிறதோ அதைத்தான் நினைவென்று சொல்லும். மனிதரைக் கேட்பதைவிடப் படிகத்தைக் கேட்பது நல்லது. இருபது கெல்வினில் வெப்பநிலையை நிறுத்தி, குளிர்ந்தவற்றை எடுத்த அதே வேகம், அதே சராசரி, சுழியிலிருந்து மேலே. திரையில் பன்னிரண்டு டெஸ்லாவுக்கு அருகே இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டாள். இடப்பக்கம் நீலம்: மொய்தீன் எடுத்த இருபது கெல்வினில் கடைசிப் பெரிய உச்சி விழுந்த இடம். வலப்பக்கம் சிவப்பு: நான்கு கெல்வினில் விழுந்த இடம். இன்று உச்சி நீலத்தில் விழுந்தால் சேவியர் சொன்னது வெறும் ஊறுகாய்ப் பேச்சு, அச்சுப்படியை அனுப்பிவிடலாம். சிவப்பில் விழுந்தால் அலை நகரவில்லை.

எட்டரை டெஸ்லா. சூடு அடிவயிற்றிலிருந்து கிளம்பி மார்பு, கழுத்து, காது மடல் என்று ஏறியது. அறையில் குளிர்சாதனம் சால்வை கேட்கும் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்க, மேலுதட்டில் வியர்த்தது. இது பயமில்லை, வயது; கடந்த ஒரு வருடமாக நாளைக்கு நான்கைந்து முறை வருகிறது, வந்து நிற்கிறது, போகிறது. "இன்னும் ரெண்டு மூணு வருஷம் இப்படித்தான் இருக்கும், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று டாக்டரம்மா சொன்னாள், ஒன்றும் பண்ணவில்லை. எஃகுக் கலத்துக்குள்ளே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு நெல்மணி அளவுள்ள படிகம் நூறில் ஒரு பங்கு கெல்வின்கூடப் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் காவல் காக்கிறவளின் உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிக்கொள்கிறது, மறுபடி அந்தச் சொல். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். இது பயமில்லை என்று சொன்னதை மறுபடி எடுத்துப் பார்த்தாள், பயமும் இருந்தது, இரண்டும் ஒரே வழியில் ஏறியதால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. பத்து டெஸ்லாவில் கடைசிக்கு முந்தைய உச்சி வந்தது. அங்கேயும் பழைய இரண்டு இடங்களையும் மனத்துக்குள் குறித்துவைத்திருந்தாள். வந்த உச்சி சேற்று மேடுபோல அகலமாக, இரண்டுக்கும் நடுவே பரந்து உட்கார்ந்துகொண்டது, எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல மாட்டேன் என்பதுபோல. அதைப் பார்த்து அவளுக்கு ஏதோ ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் கவனித்தாள். ஒன்றும் தெரியாமல் போனதற்கு நிம்மதி வருகிறது என்றால் விடை எதுவென்று மனம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்று பொருளாகும். ஆனால் மனம் முடிவு செய்வதும் எதையும் நிறுவுவதில்லை.

ஹீலியம் அளவுகாட்டி முப்பத்துமூன்று சதவீதம் என்றது. முப்பதுக்குக் கீழே போனால் காந்தத்தை இறக்கிவிட வேண்டும், அது ஆய்வகத்தின் விதி. காந்தச் சுருள் திரவத்துக்கு வெளியே தலைநீட்டினால் ஒரே மூச்சில் சூடாகி, இருக்கிற ஹீலியம் முழுவதும் கொதித்து வெளியேறும். முப்பத்துமூன்று விதிக்குள்தான் இருக்கிறது. இந்த ஓட்டம் முடிந்து இறக்குவதற்குப் போதும் என்று அவளுக்குத் தெரியும், பலமுறை எடுத்திருக்கிறாள். ஆனால் பொறுப்பான ஆள் ஒருவர் முப்பத்துமூன்றிலேயே நிறுத்தினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, மெச்சக்கூடச் செய்வார்கள். ஹீலியக் கூடத்தில் கம்ப்ரசரைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருக்கிறது, அடுத்த ஹீலியம் அடுத்த மாதம்தான் என்று சேவியரே சொல்லியிருந்தார். அதற்குள் கட்டுரை வெளியாகியிருக்கும். பிறகு ஒருநாள் நிதானமாக எடுத்துப் பார்க்கலாம். தவறாக இருந்தால் திருத்தம் வெளியிடலாம், உலகத்தில் எத்தனையோ கட்டுரைகளுக்குத் திருத்தம் வருகிறது. பிறகு ஒருநாள் அவள் கோவில்பட்டியில் முதலாண்டு மாணவிகளுக்கு வெர்னியர் அளவி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள், பெயருக்கு முன்னால் முனைவர் இருக்கும், காந்தம் இங்கே இருக்கும். நிறுத்துவதற்கான பொத்தான் திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. சுட்டியின் அம்பு அதன்மேல் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்; அவள் கொண்டுபோய் வைத்ததாக நினைவில்லை, வேறு யாரும் வைத்திருக்கவும் முடியாது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினொன்று தாண்டியது. கோடு பள்ளத்திலிருந்து கிளம்பி ஏறத் தொடங்கியது, அந்தக் கடைசி உச்சியை நோக்கி.

கதவைத் திறந்துகொண்டு கோகுலகிருஷ்ணன் வந்தார். அவளைவிட ஒன்பது வயது இளையவர். சேர்ந்த முதல் நாள் வாய்தவறி "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, காதுவரை சிவந்து, அன்றிலிருந்து விடாமல் மேடம் என்கிறார். அவளும் விடாமல் சார் என்கிறாள். இருவருக்கும் நடுவே அந்த இரண்டு சொற்களும் நன்றாகத் துடைத்துவைத்த இரண்டு நாற்காலிகள்போல இருக்கின்றன. "புரூஃப் அனுப்பியாச்சா மேடம்?" என்றார். "இன்னும் இல்ல சார். ஒரு ரன் போயிட்டிருக்கு." "என்ன ரன்? பேப்பர்தான் முடிஞ்சுதே." "இருபது கெல்வின், திரும்ப ஒரு தடவ." அவர் சிரித்தார். "ரெண்டு ரெஃப்ரியும் கேக்காத கேள்விய நீங்களே கேட்டுக்கறீங்களா? எழுவாய் மிஸ்னு சும்மாவா பேர் வச்சாங்க." பிறகு அளவுகாட்டியைப் பார்த்தார். "முப்பத்துமூணுதான் இருக்கு. நிறுத்திடுங்களேன். வேணும்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்." அவள் நினைத்து வைத்திருந்த அதே வாக்கியம், அவள் வாயில் வராமல் அவர் வாயில் வந்தது. சரி சார் என்றால் போதும். வழிகாட்டி சொல்லி நிறுத்தியது என்றாகும். பதினொன்று புள்ளி நான்கு. "பன்னெண்டு வரைக்கும் போகட்டும் சார்" என்றாள். "ஏன் பன்னெண்டு?" என்று கேட்டபோது அவர் குரலில் சிரிப்பு இல்லை. அவள் சொன்னாள். சேவியர் சொன்னது, மொய்தீனிடம் தான் சொன்னது, சொல்லாமல் விட்டது, நீலக் கோடு எது, சிவப்புக் கோடு எது. ஒவ்வொரு வாக்கியத்திலும் புலத்தை என்றும் வெப்பநிலையை என்றும் முழுதாகச் சொன்னாள், வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதைப்போல. சுழல் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, அவளுக்குப் பின்னால் ஒரு கை தள்ளி உட்கார்ந்தார். "நாய்ஸ் நிறைய இருக்கே. எங்க திரும்புதுன்னு தெரியுமா?" "தெரியும் சார்." "மொய்தீன் அப்படியெல்லாம் கேர்லெஸ் இல்லையே மேடம்." "கேர்லெஸ் இல்ல சார். நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கார்."

கோடு நீலத்தை நெருங்கியது. உச்சி என்பது வந்துகொண்டிருக்கும்போது தெரியாத பொருள். ஏறிக்கொண்டே இருக்கும் கோட்டில் இதுதான் உயரம் என்று எந்தப் புள்ளியும் சொல்லாது, அடுத்தது கீழே விழுந்த பிறகே முந்தையது உச்சி என்று ஆகும். ஆகவே நீலத்தைத் தொட்டபோது ஒன்றும் ஆகவில்லை. தொட்டு, கடந்து, ஒரு புள்ளி மேலே, ஒரு புள்ளி கீழே, அடுத்த புள்ளி மறுபடி மேலே. கீழே விழுந்தது இரைச்சல். அடுத்ததும் மேலே. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்கும் குறைவான தூரம், அதற்குள் எவ்வளவோ கொள்கிறது: திரும்பு என்று அவள் சொல்வது அவளுக்கே கேட்கிறது, உதடு அசையாமல்; யாரிடம் சொல்கிறாள், எலக்ட்ரானிடமா, அது எந்த ஊர் வழக்கு; தேர்வுக் கூடத்தில் எண்ணிக்கொண்டிருந்த பெண்ணின் குரல், பதினேழு, பதினெட்டு, அவள் எந்தப் பெண்; கல்லூரி ஆசிரியர் அறையில் தன் நாற்காலி, அதன் கைப்பிடியில் பிளாஸ்டிக் நாடா பிரிந்திருக்கும், யாராவது சுற்றியிருப்பார்களா; என்னாச்சு மிஸ், முடிச்சுட்டீங்களா என்று கேட்பார்கள், முடியல என்று சொல்ல வேண்டும், அதற்கு ஒரு எழுவாய் வேண்டும், எது முடியல; ராமசுப்பு ஒன்றும் கேலி செய்ய மாட்டார், அதுதான் கஷ்டமாக இருக்கும், அன்று மட்டும் அவரே காய் நறுக்குவார். கோடு இன்னும் ஏறியது. ஏறுகிற சரிவு குறைந்துகொண்டு வந்தது, தேர் நிலைக்கு வருவதற்குமுன் வடம் தளர்வதுபோல. பின்னால் கோகுலகிருஷ்ணனின் நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. சிவப்புக் கோட்டின்மேல் புள்ளி விழுந்தது. அடுத்தது அதே உயரத்தில். அடுத்தது ஒரு மயிரிழை கீழே. அவள் இன்னும் நம்பவில்லை. அடுத்தது, அடுத்தது, அடுத்தது, எல்லாம் கீழே, இப்போது இரைச்சலால் மறைக்க முடியாத இறக்கம். திரும்பிவிட்டது. சிவப்பில்.

"வந்துருச்சு சார்" என்றாள். அவர் எழுந்து வந்து, திரையை விரலால் தொடாமல், மிக அருகே குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நகர்வு இம்மியாவது இருக்கான்னு ஃபிட் பண்ணிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவரே, "இல்ல, வேணாம், கண்ணுக்கே தெரியுது" என்றார். காந்தம் தன்பாட்டில் பதின்மூன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு வியர்வை நின்றிருந்தது, கழுத்தில் குளிர்ந்தது. இருபது கெல்வினிலும் இந்தப் படிகத்தின் அலை நான்கு கெல்வினில் இருந்த இடத்திலேயே நிற்கிறது என்பது இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். மூன்றாவது ஆளாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். "ஜர்னலுக்கு நான் எழுதறேன் மேடம், வாபஸ் வாங்கிக்கறோம்னு" என்றார் கோகுலகிருஷ்ணன். பிறகு, அவளைப் பார்க்காமல், "யுனிவர்சிட்டிக்கு என்ன சொல்றதுன்னு உக்காந்து பேசலாம். ஏதாவது வழி..." என்று தொடங்கி, வழி எதுவும் கையில் இல்லாததால் அங்கேயே விட்டார். "மொய்தீன்கிட்ட நான் பேசட்டுமா?" "நானே பேசறேன் சார்."

அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அவள் மொய்தீனைப் போனில் அழைத்தாள், ஹைதராபாத்தில் மணி இரண்டு முறை அடித்தது. "சொல்லுங்க மேடம்! பேப்பர் ஆன்லைன்ல வந்துட்டா?" என்றார் மொய்தீன், பின்னால் யாரோ தெலுங்கில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்னிக்கு நீங்க எப்படி எடுத்தீங்க என்று தொடங்கலாம். தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிவரும். அதற்கு அவசியமே இல்லாத ஆள். சேவியரிலிருந்து தொடங்கலாம், தேர்வுக் கூடத்து வாசலிலிருந்து தொடங்கலாம், எல்லாம் பிறகு. "மொய்தீன், நாம எழுதினது தப்பு" என்றாள். "வெப்பநிலைய ஏத்தினா அலை நகரல. இன்னிக்குத் திரும்ப எடுத்துப் பாத்தேன். பேப்பர வாபஸ் வாங்கறோம்." மறுமுனையில் சிரிப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று, ஒரு கதவு சாத்தியது, அவர் வெளியே எங்கோ வந்து நிற்பது தெரிந்தது. தணிந்த குரலில் கேட்டார்.

"கொஞ்சங்கூடவா நகரல, மேடம்?"

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். அவருக்காக இன்னொரு முறை, பொறுமையாக, சிவப்புக் கோட்டிலிருந்து உச்சிவரை கண்ணால் அளந்தாள்.

"கொஞ்சங்கூட இல்ல, மொய்தீன்."